வீட்டுப் பாட்டுச் செற்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடை வாசலிலும் திருத்துநரின் மேசையிலும் திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயிலிருந்து வந்தபடியே விட்டிருக்கிறோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் உள்ள ஊர் இது. ஆகவே செற்றோடு வருகிற கையேட்டில் இல்லாத இரண்டு விசயங்களை, அதாவது உப்புக் காற்றையும் எர்த்தையும் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறோம்.

பெட்டியில 5000 வாற்ஸ் எண்டு போட்டிருக்கு. உண்மையா அவ்வளவு வருமோ?

வராது. அது பி.எம்.பி.ஓ. என்ற விளம்பரக் கணக்கு. செற்றின் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். "230 வோல்ற், 60 வாற்ஸ்" என்று இருந்தால் அது சுவரிலிருந்து இழுப்பதே 60 வாற்ஸ்தான். தொடர்ந்து அதற்கு மேல் ஸ்பீக்கருக்குக் கொடுக்க அதனால் முடியாது. வாங்கும்போது கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். அளவு, அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய வலு: எத்தனை ஓமுக்கு (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை), ஒரு பக்கத்துக்கு எத்தனை வாற்ஸ். சாதாரண வீட்டு ஹோலுக்கு ஒரு பக்கம் 20 முதல் 30 வாற்ஸ் ஆர்.எம்.எஸ். தாராளம். வாற்ஸை இரட்டிப்பாக்கினாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சிறிய வித்தியாசம்.

ஹோலில எந்த இடத்தில வைக்கிறது நல்லம்?

முதலில் கடல் பார்த்த யன்னலைத் தவிருங்கள். ஐப்பசி தொடங்கி வாடை வீசும் மாதங்களில் அந்த யன்னலால் வருவது உப்புத் தண்ணீரின் நுண்துளி. நேரே எதிரில் செற் இருந்தால் அது உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகையில் போய்ப் படியும். யன்னல் உள்ள அதே சுவரோரம், ஆனால் காற்று நேரே அடிக்காத மூலைப் பக்கமாக, நிலத்திலிருந்து ஒரு முழமாவது உயர்த்தி வையுங்கள். வீடு துடைக்கும் தண்ணீர் பட்டால் அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த பொக்ஸ் அடியிலிருந்து ஊதிப் போகும்.

ஸ்பீக்கர் இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அவ்வளவு தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும். 2 முதல் 2.5 மீற்றர் நல்ல அளவு. மேலே உள்ள சின்ன ஸ்பீக்கர், கதிரையில் இருக்கும்போது காது வரும் உயரத்துக்கு (தரையிலிருந்து 90 முதல் 100 சென்ரிமீற்றர்) வரட்டும். அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்தால் பாடுபவர் கூரையிலிருந்து பாடுவது போலிருக்கும். பொக்ஸ் அதிர்ந்து நகர்ந்து விழுகிற ஆபத்தும் உண்டு. பின் சுவரிலிருந்து 30 சென்ரிமீற்றர் விடுங்கள். ஸ்பீக்கரை மூலைக்குள் தள்ளினால் பேஸ் (அடித்தொனி) வீங்கும்.

சீமெந்துச் சுவரும் ரைல்ஸ் தரையும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். நடு ஹோலில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். "டிங்" என்று இழுத்தால், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தடித்த திரையும், ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கம்பளமும் போடுங்கள். பன்பாய் மெல்லியது, அது பெரிதாக உதவாது.

அம்ப்புக்கு மேல சீடி பிளேயரை வைக்கலாமோ? தூசி படாமல் துணி விரிக்கலாமோ?

இரண்டும் வேண்டாம். அம்ப்பின் (ஸ்பீக்கருக்கு வலுக் கொடுக்கும் அம்ப்ளிபையரின்) மூடியில் உள்ள துவாரங்கள் சூடு வெளியேறத்தான் உள்ளன. மேலேயும் இரு பக்கமும் 10 சென்ரிமீற்றராவது வெறுமையாக இருக்கட்டும். பின்னல் விரிப்பு, பூச்சாடி, சாமிப் படம் எதையும் மேலே வைக்காதீர்கள். கண்ணாடிக் கதவுள்ள அலுமாரிக்குள் வைத்திருந்தால், பாட்டுப் போடும்போது கதவைத் திறந்து விடுங்கள்.

கச்சான் வீசும் மாதங்களில் தூசி அதிகம்தான். செற்றை நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டு, பிறகு துணியால் மூடுங்கள். போடுவதற்கு முன் துணியை முழுமையாக எடுத்துவிட வேண்டும். வீட்டில் உள்ள எல்லாரும் இதைக் கடைப்பிடிக்க மாட்டார்கள் என்றால் துணியே வேண்டாம். தூசியைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம்.

ஸ்பீக்கருக்கு எந்த வயர் வாங்கோணும்? லைற்றுக்கு இழுக்கிற வயர் சரிவருமோ?

லைற்றுக்கு இழுக்கும் 1/1.13 வயர் ஒற்றைக் கம்பி. பாட்டுப் போகும், ஆனால் வளைத்து வளைத்து, முனையில் முறியும். பல நுண்கம்பிகள் கொண்ட இரட்டை வயர் வாங்குங்கள். ஒரு பக்கம் 5 மீற்றர் வரை 1.5 சதுர மில்லிமீற்றர் போதும், அதற்கு மேல் 2.5. வயரின் மொத்தத் தடை ஸ்பீக்கரின் ஓமில் 5 வீதத்துக்குள் இருந்தால் சரி. 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பில் போக வர 10 மீற்றருக்கு ஏறத்தாழ 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 வரை தாங்கும். ஆகவே விலை கூடிய வயரில் கொட்டும் காசை ஸ்பீக்கரில் போடுங்கள்.

மலிவு வயர் பலவற்றில் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு மட்டும். ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும். இந்த ஊர்க் காற்றுக்கு அது சீக்கிரம் பொடியாகும்.

மேல்தோலை 1 சென்ரிமீற்றர் மட்டும் உரித்து, முறுக்கி, முழுவதையும் முனைக்குள் செலுத்துங்கள். வெளியே தப்பிய ஒரேயொரு நுண்கம்பி பக்கத்து முனையைத் தொட்டால் அம்ப்பின் வெளியீட்டுப் பகுதி எரியக்கூடும். இணைக்கும்போது பிளக் சுவரில் இருக்கக் கூடாது. வயரைப் பாய்க்கு அடியால் விடாதீர்கள். மிதிபட்டுத் தேயும் இடம் கண்ணுக்குத் தெரியாது.

சிவப்பும் கறுப்பும் மாறினால் செற் எரியுமோ?

எரியாது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் மாறினால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் காணாமல் போகும். நிறம் அழிந்த வயரா? அம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ற் பற்றரியை ஒரு கணம் மட்டும் வயர் முனைகளில் தொடுங்கள். பேஸ் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளினால், பற்றரியின் கூட்டல் பக்கம் தொட்ட வயர்தான் சிவப்புக்குப் போக வேண்டியது.

இன்னொரு சோடி ஸ்பீக்கரையும் விறாந்தைக்கு இழுக்கலாமோ?

அம்ப்பின் பின்பக்கம் எழுதியிருக்கும் ஆகக் குறைந்த ஓமைப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே முனையில் சேர்த்தால் அம்ப்புக்கு அது 4 ஓம். "6 முதல் 16 ஓம்" என்று எழுதிய அம்ப்பில் அப்படிச் சேர்த்தால் அது சூடேறி நிற்கும், அல்லது ஒருநாள் எரியும்.

சின்ன அம்ப்தானே, முழுச் சத்தம் வைச்சாலும் பெரிய ஸ்பீக்கருக்கு ஒண்டும் ஆகாதெண்டினம். சரியோ?

தவறு. சின்ன அம்ப்பைத் திணறத் திணற ஓட்டினால் ஒலியலையின் உச்சி வெட்டுப்படும். அப்போது உண்டாகும் கூர்மையான அதிர்வுகள் மேலே உள்ள சின்ன ஸ்பீக்கரை எரிக்கும். சத்தம் கரகரக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். பேஸ் குமிழை முழுக்கத் திருப்புவதும் இதே கதைதான்: 10 டெசிபல் கூட்டினால் அந்த இடத்தில் அம்ப் 10 மடங்கு வாற்ஸ் கொடுக்க வேண்டும். காதுக்கும் எல்லை உண்டு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்.

பிளக்கில இரண்டு பின்தான் இருக்கு. பேனையால எர்த் ஓட்டையைத் தள்ளித் திறந்து போடுறம். பரவாயில்லையோ?

இதை இன்றைக்கே நிறுத்துங்கள். 13 அம்பியர் பிளக் பேஸில் உள்ள மூடி, பிள்ளைகளின் விரலும் கம்பியும் உள்ளே போகாமல் இருக்க வைத்தது. பேனையால் திறந்து இரண்டு பின்னைச் செருகினால் அது தளர்வாக நிற்கும்; தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், பிளாஸ்ரிக் கருகும். அதோடு அந்தப் பிளக்கில் பியூஸும் இல்லை.

சரியான சதுரப் பின் பிளக்கை மாற்றுங்கள், அல்லது உள்ளே பியூஸ் உள்ள மாற்றுப் பிளக் வாங்குங்கள். செற்றின் தகட்டில் 690 வாற்ஸுக்குக் கீழே இருந்தால் 3 அம்பியர் பியூஸ். பெரிய வட்டச் சுற்று மின்மாற்றி உள்ள அம்ப், போடும் கணத்தில் 3 அம்பியரை எரித்தால் 5 போடலாம். 13 அம்பியர் பியூஸ் கேத்தலுக்கு உரியது. செற்றின் மெல்லிய வயர் எரிந்த பிறகும் அது எரியாது. ஈயத்தாளோ கம்பித் துண்டோ பியூஸ் அல்ல.

எர்த் பின்னைக் கழட்டினால் உறுமல் நிக்குது. அப்பிடியே விடலாமோ?

விடக் கூடாது. பின்பக்கத் தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அந்தச் செற் எர்த் இல்லாமல் ஓட வடிவமைத்தது. அதற்கு முதலிலேயே எர்த் வயர் இருக்காது. அந்தக் குறி இல்லாத உலோகப் பெட்டி அம்ப்பில் எர்த்தைக் கழற்றினால், உள்ளே ஒரு வயர் தோல் உரிந்து பெட்டியைத் தொடும் நாளில் முழு 230 வோல்ற்றும் பெட்டியில் நிற்கும். சீடி பிளேயரின் உலோகப் பகுதிக்கும் அது வயர் வழியாகப் போகும். தொடுபவர் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

உறுமலுக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு இடத்தில் எர்த் சேர்வதுதான். இப்படித் தேடுங்கள்: பின்பக்க வயர்கள் எல்லாவற்றையும் கழற்றி ஸ்பீக்கரை மட்டும் விடுங்கள். உறுமல் நின்றால் அம்ப்பில் பிழையில்லை. ஒவ்வொரு முறையும் அம்ப்பை நிறுத்தி ஒவ்வொரு வயராகச் செருகி வாருங்கள். எதைச் செருகியதும் உறுமுகிறதோ அதுதான் ஆள். இங்கே அதிகம் மாட்டுவது ரிவியின் டிஷ் வயரும் மடிக்கணினியின் சார்ஜரும். எல்லாவற்றையும் ஒரே பிளக் பேஸிலிருந்து எடுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் ரிவியிலிருந்து ஒளி வழியே ஒலியைக் கொண்டு வரும் ஒப்ரிக்கல் வயரால் எடுங்கள். அதில் உலோகத் தொடர்பே இல்லை. ஒப்ரிக்கல் துவாரம் இல்லாத செற்றுக்கு, பாட்டு வயரின் நடுவே போடும் சிறிய தனிப்பிரிப்பு மின்மாற்றி உண்டு.

எல்லாம் செய்தும் உறுமினால் வீட்டின் எர்த் கம்பியைப் பாருங்கள். வளவில் நட்டிருக்கும் கம்பியும் பட்டியும் உப்பு மண்ணில் துருவேறி, தொட்டால் கழன்று வரும் நிலையில் இருக்கலாம். கச்சான் காலத்தில் மணல் காய்ந்து எர்த் இன்னும் பலவீனமாகும். மின் வேலை செய்பவரைக் கூப்பிட்டு எர்த் தடையைக் கருவியால் அளந்து தரச் சொல்லுங்கள். ரெஸ்ரரை வைத்துப் பார்த்துவிட்டு "சரி" என்று சொல்வது அளவு அல்ல.

மழைக் காலத்தில ட்ரிப் சுவிச் விழுது. செற்றைக் கழட்டினால் நிக்குது. ட்ரிப் சுவிச்சில பிழையோ?

சுவிச் தன் வேலையைச் செய்கிறது. வீட்டு ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழ வேண்டியது. செற்றுக்குள் படிந்த உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் தானே தண்ணீரை இழுத்துக் கரையும். அது கறண்ட் கசிய வழியாகிறது. செற்றைத் திருத்துநரிடம் கொடுத்து உள்ளே கழுவிக் காயவைக்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிச்சைத் தாண்டி வயர் கொடுக்கச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியும் விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

இடி மின்னல் நேரம் சுவிச்சை நிப்பாட்டினால் போதுமோ?

போதாது. சுவிச்சுக்குள் இடைவெளி சில மில்லிமீற்றர்தான். முகிலிலிருந்து நிலம் வரை பாய்ந்து வந்த மின்னலுக்கு அது ஒரு தடையே அல்ல. பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்து, பிளக் பேஸிலிருந்து தள்ளி வையுங்கள். அதோடு பலர் மறப்பது: அன்ரெனா வயர், டிஷ் வயர், இணையப் பெட்டியிலிருந்து வரும் வயர். பிளக்கைக் கழற்றி டிஷ் வயரை விட்டால் கதவைப் பூட்டி யன்னலைத் திறந்து வைத்தது போல.

பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரம் கறுக்கத் தொடங்கும்போதே கழற்றுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குள் என்றால் அது 10 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வயரில் கைவைக்கக் கூடாது. செற் போனால் போகட்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத் திரும்ப மாட்டலாம்.

சேர்ஜ் புரொடெக்ரர் வாங்கினால் கழட்டத் தேவையில்லைத்தானே?

தேவை. அது தூரத்து மின்னலால் வயரில் வரும் துள்ளலைத்தான் பிடிக்கும், பிடித்ததை எர்த்துக்குத்தான் அனுப்பும். எர்த் செத்த வீட்டில் பயன் மிகக் குறைவு. உள்ளே உள்ள பாகம் அடிவாங்கி அடிவாங்கித் தேய்ந்து போகும். காட்டும் விளக்கு அணைந்தால் அது இனி வெறும் எக்ஸ்ரென்சன்.

கறண்ட் போய் வரேக்க "டொப்" எண்டு சத்தம் வருது. ஸ்ரபிலைசர் போடவோ?

கறண்ட் போனதும் அம்ப்பை நிறுத்தி விடுங்கள், வந்து 5 நிமிடம் பொறுத்துப் போடுங்கள். வந்த கையோடு வோல்ற்றேஜ் ஆடும். 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் வெட்டிய காலத்தில் பழகிய பழக்கம்தான், விட்டுவிடாதீர்கள். போடும்போது பிளேயர் முதலில், அம்ப் கடைசி. நிறுத்தும்போது அம்ப் முதலில். இரவில் வோல்ற்றேஜ் எப்போதும் குறைந்து நிற்கும் வீடாக இருந்தால் மட்டும் ஸ்ரபிலைசர் யோசியுங்கள். மலிவு யூ.பி.எஸ்., சின்ன ஜெனரேற்றர் இரண்டும் கரடுமுரடான அலை தருபவை. அவற்றில் மின்மாற்றி இரையும், சூடேறும்.

கனடாவில இருந்து மாமா கொண்டு வந்த செற். ஜப்பான் பழைய செற்றும் ஒண்டு கிடைக்குது. இங்க ஓடுமோ?

தகட்டைப் பார்க்காமல் மாட்டாதீர்கள். ஜப்பான் செற் 100 வோல்ற், கனடாச் செற் 120. நேரே 230இல் மாட்டினால் அதிர்ஷ்டமிருந்தால் பியூஸ் போகும், இல்லாவிட்டால் மின்மாற்றி போகும். வோல்ற்றேஜ் குறைக்கும் மின்மாற்றி, தகட்டில் உள்ள வாற்ஸைப் போல் இரண்டு மடங்கு வீ.ஏ. (வோல்ற்-அம்பியர், மின்மாற்றியின் கொள்ளளவு) உள்ளதாக இருக்கட்டும்: 150 வாற்ஸ் செற்றுக்கு 300 வீ.ஏ. 120க்கு அமைந்த மின்மாற்றி ஜப்பான் செற்றுக்குக் கூடுதல். உள்ளே ஒரே சுற்று உள்ளதைவிட இரண்டு தனிச் சுற்று உள்ளது பாதுகாப்பு; ஒற்றைச் சுற்றில் பொது வயர் அறுந்தால் 230உம் செற்றுக்குள் போகும்.

மாற்ற முடியாதவையும் உண்டு. ஜப்பானின் பழைய எப்.எம். 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். இங்கே நிலையங்கள் 108 வரை இருப்பதால் பெரும்பாலானவை கேட்காது. "60 ஹேர்ட்ஸ்" மட்டும் எழுதிய இசைத்தட்டு இயந்திரத்தில் மோட்டார் கறண்டின் அலையைப் பின்பற்றிச் சுற்றும் வகை என்றால், நமது 50 ஹேர்ட்ஸில் 33⅓ வேகம் 28க்கும் கீழே இறங்கும். இங்கிலாந்து, ஐரோப்பா, அவுஸ்திரேலியாச் செற்றுகளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பிளக் பொருந்தாவிட்டால் அதை மாற்றினால் போதும்.

பின்பக்க ஜாக்குகள் பச்சை பிடிச்சிருக்கு. தேங்காயெண்ணெய் பூசலாமோ?

எண்ணெய் தூசியையும் உப்பையும் பிடித்து வைத்துப் பசையாக்கும். பெற்றோலும் தின்னரும் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும். தேவையானது 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோல். மருந்துக் கடையில் கை துடைக்கத் தரும் 70 வீதத்தில் மிச்சம் தண்ணீர்.

செற்றை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை நனைத்து, ஜாக்கின் வெளிவளையத்தையும் உட்புறத்தையும் தனித்தனிக் குச்சியால் துடையுங்கள். பச்சை போகாத இடத்தில் பென்சில் அழிக்கும் றப்பரால் மெதுவாகத் தேயுங்கள். மணல்தாள் வேண்டாம், பூச்சு போய்விடும். 15 நிமிடம் உலரவிட்டு மாட்டுங்கள். பிறகு மாதம் ஒருமுறை, செற் நிறுத்தியபடி, ஒவ்வொரு ஜாக்கையும் இரண்டு மூன்று தடவை திருகிவிட்டால் அடுத்த பச்சை வர நாளாகும்.

திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளி போலக் கடற்கரையை ஒட்டிய வீடுகளில் செற்றை நாளுக்கு அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். உள்ளே வரும் இளஞ்சூடு ஈரத்தை விரட்டும். பெட்டியில் கட்டி வைத்த செற்றுத்தான் சீக்கிரம் கெடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் மூடிய பெட்டிக்குள் மட்டுமே வேலை செய்யும். திறந்த தட்டில் வைத்தால் அது ஹோலின் ஈரத்தைக் குடித்து ஒரே நாளில் நிறைந்துவிடும்.

வொலியூமைத் திருப்பேக்க கர் கர் எண்டுது.

செற்றை நிறுத்தி, குமிழை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 30 தடவை திருப்புங்கள். பாதிக்குப் பாதி அதிலேயே தீரும். தீராவிட்டால் மின்தொடுகைக்கென்று விற்கும் ஸ்பிரேயைத் திருத்துநர் உள்ளே அடிப்பார். அதற்குப் பிறகும் சில நாளில் திரும்ப வந்தால் பிழை குமிழில் இல்லாமலும் இருக்கலாம். அதற்கு முன்னுள்ள கப்பாசிற்றர் (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) கசியலாம். அதைச் சொல்லியே கொடுங்கள்.

ஸ்பீக்கரைச் சுத்தியிருக்கிற பஞ்சு விளிம்பு தொட்டால் உதிருது.

பஞ்சு விளிம்பு இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் தானாக உக்கும். பேஸ் கூடிய பாட்டை உடனே நிறுத்துங்கள். கூம்பு சாய்ந்து உள்ளே சுருள் உரசினால் ஸ்பீக்கரே போகும். விளிம்பு மட்டும் புதிதாக ஒட்டலாம். ஓட்டையின் விட்டத்தையும் கூம்பின் விட்டத்தையும் அளந்து வாங்குங்கள். றப்பர் விளிம்பு நெடுநாள் நிற்கும், ஆனால் பஞ்சுக்கு அமைந்த ஸ்பீக்கரில் பேஸ் சற்று மாறும்.

பல்லியும் எறும்பும் உள்ள போகுது. துவாரத்தை அடைக்கலாமோ?

அடைத்தால் சூடு நிற்கும். 2 மில்லிமீற்றர் கண்ணுள்ள நைலோன் வலையைத் துவாரத்துக்கு மேல் ஒட்டலாம். மாதம் ஒருமுறை தூசி தட்ட வேண்டும். பல்லி வருவது பூச்சிக்கு, பூச்சி வருவது முகப்பு வெளிச்சத்துக்கு. இரவில் சுவரிலேயே நிறுத்துங்கள். பூச்சி மருந்து ஸ்பிரேயைச் செற்றுக்குள் அடிக்கக் கூடாது, அது தீப்பற்றும்.

பாட்டுப் போடாமலே ஸ்பீக்கரில ஆக்கள் கதைக்கிற சத்தம் கேக்குது!

பயப்பட வேண்டாம். பக்கத்தில் வலுவான வானொலிக் கோபுரம் இருந்தால் நீண்ட வயர் அன்ரெனாவாகிவிடும். ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி 1984இல் திருகோணமலையில் மறுஒலிபரப்பு நிலையம் அமைத்தது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அந்த மாதிரிக் கோபுரத்தின் வலு சாதாரண எப்.எம். நிலையம் போலல்ல. மேலதிக வயரைச் சுருட்டி வைக்காமல் வெட்டிக் குறையுங்கள், பச்சை பிடித்த ஜாக்குகளை முன்பு சொன்னபடி துடையுங்கள். துருவேறிய தொடுகையே சில வேளை வானொலியைப் பிடித்துத் தரும். மிச்சத்துக்கு, அம்ப்புக்குக் கிட்ட வயரின் மேல் கௌவும் பெரைற் வளையம் போடுங்கள்.

வெள்ளத்தில நனைஞ்ச செற். வெயிலில காயவைச்சுப் போட்டுப் பாக்கலாமோ?

போட்டுப் பார்க்கவே கூடாது. 2020 மார்கழியில் புரேவிப் புயல் கரை கடந்தபோது போல வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், முதலில் பிரதான சுவிச். பிளக் பேஸ் நனைந்த அறையில் நின்று செற்றைத் தொடாதீர்கள். மழை வெள்ளமென்றால் மூடியைக் கழற்றி உலர்த்தத் திருத்துநரிடம் கொடுங்கள். கடல் தண்ணீரென்றால் அன்றே கொடுக்க வேண்டும்: வடித்த நீரால் பலகையைக் கழுவி உப்பை எடுத்த பிறகே உலர்த்த வேண்டும். உப்போடு காய்ந்தால் சில நாளிலேயே செம்புக் கோடுகள் அரிபடும். ஊதிய பொக்ஸைக் காப்பாற்ற முடியாது. உள்ளே உள்ள ஸ்பீக்கர்களைக் கழற்றி எடுக்கலாம்.

நானே மூடியைக் கழட்டித் தூசி தட்டலாமோ?

வெளியால் மென்மையான தூரிகையும் குறைந்த இழுவையில் தூசி உறிஞ்சியும் போதும். உள்ளே உள்ள பெரிய கப்பாசிற்றர்கள் பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்னேற்றத்தை வைத்திருக்கும். அம்ப்பில் அது 40 முதல் 70 வோல்ற் வரை இருக்கலாம், வால்வு அம்ப்பில் (கண்ணாடிக் குழாய் போட்ட பழைய வகையில்) 300க்கும் மேல், உயிரை எடுக்கும் அளவு. பெயர் பெற்ற ஆபத்து அது என்பதால் வால்வு அம்ப்பை வீட்டில் திறக்கவே வேண்டாம்.

திருத்துநரிடம் போகும்போது "ஓடுதில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பக்கம் நின்றது, சூடான பிறகா போட்ட உடனேயா, மழை நாளிலா, மின்னலுக்குப் பிறகா, என்ன மணம் வந்தது என்று ஒரு துண்டில் எழுதிச் செற்றோடு ஒட்டிக் கொடுங்கள். எரிந்த பியூஸையும் எறியாமல் கொண்டு போங்கள். கண்ணாடி கறுத்து வெடித்திருந்தால் உள்ளே குறுஞ்சுற்று. கம்பி நடுவே மெல்ல உருகியிருந்தால் நாள்பட்ட பாரம்.